ஏதேனும் வெளிநாட்டுத் தொடர்பு

ஷென் போரூய் மண்ணைத் தெரிந்தவர். இந்தியானாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருடமாக மக்காச்சோள வயல்களைத் தோண்டி, வேரை அழுகவைக்கும் பூஞ்சைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சூதுவாது தெரியாத மனிதர். படிவங்களைக் கண்டால் மட்டும் எரிச்சல். வெளிப் பணம், வெளித் தொடர்பு உண்டா என்று பல்கலைக்கழகம் வருடா வருடம் கேட்கும் தாளில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று போட்டுத் தள்ளிவிட்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார்.

சீனாவில், ஷாவ்ஷிங்கில், அவர் அம்மா தனியாக இருந்தாள். இவர் ஒற்றைப் பிள்ளை. அந்த ஊர்க் கல்லூரிக்காரர்கள், ஒவ்வொரு கோடையிலும் இரண்டு வாரம் வந்து பாடம் சொல்லுங்கள், விமான டிக்கெட் எங்கள் பொறுப்பு என்றார்கள். போனார். விருந்து வைத்து, சிவப்பு அட்டை போட்ட நியமனக் கடிதம் ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நம் மேடைகளில் பொன்னாடை போர்த்துவது மாதிரிதான். அவர் பெயரில் ஆராய்ச்சி நிதி ஒதுக்கியிருப்பதாக உள்ளே ஒரு வரி இருந்தது. அதை அவர் படித்துப் பார்க்கவே இல்லை. அம்மா அந்தக் கடிதத்தை டிவி பக்கத்தில் நிறுத்தி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினாள்.

“ஏய் கிழட்டு ஷென், இந்த வேலையப் பத்தி இங்க சொல்ல வேண்டாமா?” என்று மனைவி யிங்சியு கேட்டாள்.

“வேலையா? எங்கம்மா கையால காஞ்ச கீரை போட்ட பன்னிக்கறி சாப்பிடப் போறேன். அதுக்கும் தாள் எழுதணுமா?”

எழுதியிருக்க வேண்டும். ஆறாம் வருடம், காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பணத்தை வாங்கிக்கொண்டே சீனப் பணத்தை மறைத்தார் என்று வழக்கு. எழுதாதது தப்புதான், நான் மறுக்கவில்லை. அதற்காக ஒரு மனிதரை உளவாளி மாதிரி விலங்கு மாட்டியா இழுத்துப்போவது? நீதிமன்றம் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டது. பல்கலைக்கழகம் வீட்டில் உட்கார் என்றது. இருபது வருடம் கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் கடையில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஞாயிறுதோறும் அம்மா போனில் வருவாள்.

“டேய் ரூய்ரூய், கோடை வந்துருச்சே. எப்படா வர்றே?”

“வேலை ஜாஸ்திம்மா.”

“ஒன் வேலையில இடி விழ. கீரைய காயவச்சு எடுத்து வச்சிருக்கேன், பூசணம் பிடிக்கறதுக்குள்ள வா.”

அவளிடம் வழக்கைப் பற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருடம் அவள் படுத்த படுக்கையானாள். பத்து நாள் போய்வர அனுமதி கேட்டார் ஷென்.

“போனவர் திரும்பி வருவார்னு யார் ஜவாப்தாரி?” என்றார் அரசு வக்கீல். நீதிபதி மறுத்துவிட்டார்.

இறுதிச் சடங்கைச் சித்தி மகன் போனில் பிடித்துக் காட்டினான். யிங்சியு போனைச் சமையலறை மேஜையில் சாய்த்து வைத்தாள். ஷென் அதன் முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்கினார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவரைத் தூக்கி உட்காரவைக்க யிங்சியு பட்டபாடு சொல்லி மாளாது.

மூன்று மாதம் கழித்து அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. இரண்டே வரி, காரணம் கூடச் சொல்லவில்லை. பல்கலைக்கழகமும் வரச் சொன்னது.

முதல் நாள், அலுவலகப் பெண் ஆய்வகச் சாவியோடு அந்தத் தாளையும் நீட்டினாள்.

“வழக்கமா போடறதுதான் டாக்டர் ஷென். இந்தத் தடவ கொஞ்சம் பாத்துப் போடுங்க.”

பார்த்துத்தான் போட்டார். வெளிநாட்டில் உங்களுக்கு ஏதேனும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை இரண்டு முறை படித்தார். ‘இல்லை’ என்று எழுதினார். இந்த முறை அது உண்மை.