காதுகுத்துக்குப் போன ஜீப்

என் இடது காதின் ஓட்டை வலது காதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கிறது. தோடு வாங்கப் போகும் கடைகளில் யாராவது அதைக் கவனித்து, "யாரும்மா குத்துனது, இப்படி இறக்கிக் குத்திருக்காங்களே" என்று எனக்காக வருத்தப்படுவார்கள். நான் வருத்தப்பட்டதே இல்லை. அது இறங்கிப்போனதற்கு மாமாவின் பழைய டீசல் ஜீப்பும் எங்கள் வீட்டு கேஸ் அடுப்பின் டியூப்பும்தான் காரணம். இரண்டும் நன்றாக இருக்கட்டும் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

எனக்குக் காது குத்தும்போது ஏழு வயது. எங்கள் பக்கத்தில் அது ரொம்பவே தாமதம். தாண்டிக்குடிப் பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பெண்கள் எல்லாரும் காதில் எதையாவது ஆட்டிக்கொண்டு வருவார்கள். நான் மட்டும் மூளிக் காதோடு போவேன். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். என் தாய்மாமனும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை.

சண்டைக்குக் காரணம் வெற்றிலை பாக்கு. நான் பிறந்த வருடம் மாமா புது வீடு கட்டிக் குடிபோனார். அப்பாவை நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், போகிற வழியில் ஒருத்தரிடம் சொல்லியனுப்பிவிட்டார். அப்பா போகவில்லை. அக்கா புருஷனே வராத விசேஷமா என்று மாமாவுக்குக் கோபம். அதற்குப் பிறகு ஒரே டீக்கடையில், முதுகும் முதுகும் பார்த்துக்கொள்ள, ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அம்மா மட்டும் மாமா வீட்டுக்கு அடிக்கடி போய்வருவாள்.

கடைசியில் பழனியில் காது குத்துவது என்று எப்படியோ முடிவானது. அக்கா மகளைத் தன் ஜீப்பில்தான் கூட்டிப்போவேன் என்று மாமா சொல்லிவிட்டார். ஏறுகிறேன், ஆனால் முன்னால் உட்கார மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றைக்கு வெள்ளனே கிளம்பினோம். மாமா ஓட்டினார். அப்பா பின்சீட்டின் கடைசியில், வந்த வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் அம்மாவும் நானும், மண்டபத்தில் பொங்கல் வைக்க எடுத்துவந்த கேஸ் அடுப்பும், சின்ன சிலிண்டரும், அரிசி பருப்பும். ராகு காலத்துக்கு முன்னால் காது குத்தியாக வேண்டும்.

பாச்சலூருக்கு முந்தைய ஏற்றத்தில் ஜீப் இருமியது. பிறகு குலுங்கியது. பிறகு நின்றுவிட்டது. சாலை நெடுகிலும் கறுப்பாக ஒரு கோடு எங்களைப் பின்தொடர்ந்து வந்திருந்தது. பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்த அப்பா அதை எப்போதோ கவனித்திருப்பார். யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டார் போலிருக்கிறது.

மாமா பானட்டைத் திறந்தார். டேங்கிலிருந்து வரும் குழாயை பில்டரோடு இணைக்கும் ரப்பர் டியூப் வெடித்து வாய் பிளந்து கிடந்தது. அம்மா குளிப்பதற்கு எடுத்துவந்த சோப்பை வாங்கிப் பிசைந்து, வெடித்த இடத்தில் அப்பி, மேலே துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். ஜீப் ஒரு வளைவு வரைக்கும் போனது. மறுபடியும் நின்றது.

அந்த நேரத்தில் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு பீன்ஸ் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று வந்தது. "பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு ரோட்டுல ஏன் நிக்கிறீங்க, மூணு பேருக்கு எடம் இருக்கு, ஏறுங்க" என்றார் டிரைவர். அப்பா பையைத் தூக்கிவிட்டார்.

அம்மா அசையவில்லை. "தாய்மாமன ரோட்டுல விட்டுட்டுப் போயி, யாரு மடியில உக்கார வச்சுக் குத்துறது? பீன்ஸ் மூட்டை மேலயா?" என்று கேட்டாள்.

வண்டி போய்விட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் குத்தவில்லை என்றால் இனி எப்போதும் குத்த மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

கேஸ் அடுப்பின் ஆரஞ்சு டியூப்பை மாமா ஒரு பார்வை பார்த்தார். அது அப்பா வீட்டுப் பொருள், கேட்க வாய் வரவில்லை. அப்பாவும் அதே டியூப்பைப் பார்த்தார். கேட்காமல் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு பேரையும் பார்த்த அம்மா டியூப்பை அடுப்பிலிருந்து உருவி, மூட்டையிலிருந்த அரிவாள்மணையை எடுத்து ரோட்டிலேயே உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்குவதுபோல ஒரு துண்டு நறுக்கி மாமா கையில் கொடுத்தாள். "பழனி வரைக்கும் தாங்கும்ல?" என்றாள். "தாங்கும்க்கா" என்றார் மாமா.

டியூப் கச்சிதமாக ஏறியது. ஆனால் ஜீப் கிளம்பவில்லை. டீசல் வண்டியில் அப்படித்தான். டியூப் வெடித்த வழியாக உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினால்தான் உயிர் வரும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் இன்ஜின் பக்கத்திலிருக்கும் கைப்பம்பை அடிக்க வேண்டும். இன்னொருத்தர் பில்டர் மேலிருக்கும் நட்டைத் தளர்த்தி, நுரைநுரையாக வரும் காற்றை விட்டு, சுத்தமான டீசல் வந்த அந்த நொடியில் இறுக்க வேண்டும். இறுக்கி முடிப்பதற்குள் அடிப்பவர் கையை எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும்.

மாமா ஸ்பேனரோடு ஒரு பக்கம் நின்றார். அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுபக்கம் போய்ப் பம்பைப் பிடித்தார். ஒரே பானட்டுக்குள் இரண்டு தலையும் முட்டிக்கொள்கிற மாதிரி இருந்தன. மாமா என்னைக் கூப்பிட்டார். "ஆத்தா, அடிக்கச் சொல்லு."

"அப்பா, மாமா அடிக்கச் சொல்றாக."

அப்பா அடித்தார். "போதுமான்னு கேளு" என்றார்.

"மாமா, போதுமான்னு அப்பா கேக்குறாக."

"இன்னுங் கொஞ்சம் அடிக்கச் சொல்லு, நிறுத்திட்டா வெட்டிச் சோலியாப் போயிரும்னு சொல்லு."

நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா நிறுத்திவிட்டார். காற்று உள்ளே போனது. மறுபடி முதலிலிருந்து. நான் முன் பம்பரில் ஏறி நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சேதி சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நான் ஒரு வார்த்தை பிந்தினேன். வாய் உலர்ந்துவிட்டது. கழுத்து வலித்தது. ஆனாலும் நான் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது என்ற பெருமை தாங்க முடியவில்லை.

எத்தனையாவது தடவையோ தெரியவில்லை. நுரை அடங்கி டீசல் பளிச்சென்று எழும்பியது. மாமா நட்டில் ஸ்பேனரைப் போட்டார். "அப்பாகிட்ட..." என்று என்னிடம் ஆரம்பித்தவர், அப்பாவின் கை தளர்வதைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "விட்றாதீங்க மச்சான்! அடிங்க, அடிங்க!"

"நான் அடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன் மாப்ளே, நீ வெரசா இறுக்கு!"

மாமா போய்ச் சாவியைத் திருப்ப, இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

நான் பம்பரிலிருந்து இறங்காமல், "அப்பா, வண்டி கிளம்பிருச்சுன்னு மாமா..." என்றேன். "எனக்கே தெரியுதுத்தா, நீ போயி உக்காரு" என்றார் அப்பா. அவ்வளவுதான், என் உத்தியோகம் போய்விட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவிடம் சொல்லி அழலாம் என்று பின்னால் ஓடினேன். அவள் டியூப் இல்லாத அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "கண்ணுல டீசல் பட்ருச்சு" என்றாள். டீசல் பக்கமே அவள் வரவில்லையே என்று யோசிக்கும் புத்தி எனக்கு இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

ஜீப் கிளம்பும்போது அப்பா முன்சீட்டில் ஏறினார். பழனி வரைக்கும் முன்சீட்டிலிருந்து பேச்சு ஓயவில்லை. டீசல், டயர், காப்பி விலை, யாரோ ஒருத்தருடைய எருமை. ராகு காலத்துக்குச் சற்று முன்னால் என்னை மாமா மடியில் உட்கார வைத்தார்கள். அவர் கையெல்லாம் டீசல் வாடை. ஆசாரி வலது காதை ஒழுங்காகக் குத்தினார். இடது காதுக்கு வரும்போது அப்பா பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல, மாமா தொடை குலுங்கச் சிரித்துவிட்டார். ஊசி இறங்கிவிட்டது. நான் ஊரைக் கூட்டினேன். பொங்கல் வைக்க அடுப்புக்கு டியூப் போதாததால் எல்லாரும் ஹோட்டலில் சாப்பிட்டோம்.

ஊர் திரும்பிய பிறகு அம்மா மாமா வீட்டுக்குப் போவது குறைந்துபோனது. அம்மாவுக்கு மாமா மேல் கோபமோ என்றுகூட நினைத்தேன். அவள் அத்தனை வருடமாக எதற்காக அந்த வீட்டுக்கு நடந்தாள் என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. அவர் என்ன சொன்னார் என்று இவரிடமும், இவர் என்ன சொன்னார் என்று அவரிடமும், கடுஞ்சொல்லை எல்லாம் வழியிலேயே உதறிவிட்டு, அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அந்த வேலையைச் சற்று நேரம் பார்த்ததற்கே எனக்குக் கழுத்து வலித்தது. அம்மா அதை நான் பிறந்த வருடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ரோட்டோரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான் போனது. நான்தான் அது தெரியாமல் வருத்தப்பட்டு அழுதேன்.