பட்டுக்கு ஆகுமா என்று கேட்டார்

யுத்த காலத்தில் நாங்கள் மயிலாப்பூருக்குக் கிழக்கே, கடற்காற்று வந்து போகிற ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரே வாசலுக்குள் மூன்று குடித்தனம், நடுவில் ஒரு கிணறு. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். ஒரு கல்லூரியில் ரசாயனப் பாடத்துக்கு டிமான்ஸ்ட்ரேட்டர். குடுவையும் குழாயும் எடுத்து வைத்து மாணவர்களுக்குச் செய்முறை காட்டுகிற வேலை. அங்கே விரிவுரையாளர்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்ததாக நினைவில்லை. அதனால்தானோ என்னவோ, வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் நான் பெரிய விஞ்ஞானியாகிவிடுவேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் மோசம். சவுக்காரத்தை எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது, திரிந்த பால் மாதிரி துணுக்குத் துணுக்காக மிதக்கும். தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார். வெந்நீர் போடுகிற அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பாறை கட்டியிருக்கும். தெருக் குழாயில் வருகிற தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவுமே சரியாகப் போய்விடும். துவைக்கக் குளிக்க எல்லாம் கிணறுதான். யுத்தத்தில் சவுக்காரமும் கிடைப்பது அரிதாகிவிட்டதால் பெண்களுக்குத் தினமும் இதே புலம்பல்.

இதில் ரொம்பவும் கஷ்டப்பட்டவர் எதிர்ப் பகுதியில் இருந்த அக்கா. நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்து பல வருஷம், பிள்ளைகள் இல்லை. தையல் வேலை செய்து பிழைத்தார். எங்கள் பங்குக் கோயிலான மாதா கோயிலின் பீடத்துணிகளை வெளுத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. அதை அவர் வேலை என்று சொல்லமாட்டார், ஊழியம் என்பார். பூசையில் அந்தத் துணி பளிச்சென்று பீடத்தில் கிடக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அந்தத் தண்ணீரில் துவைத்துத் துவைத்து துணிகள் சாம்பல் பூத்துப் போவது அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

"நீங்க படிச்சவரு. இந்தத் தண்ணிக்கு ஒரு வழி சொல்லக் கூடாதா தம்பி?" என்று ஒரு நாள் கேட்டார்.

நான் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல ஆரம்பித்தேன். துரைமார்களின் பங்களாக்களில் இதற்கு ஓர் இயந்திரம் வைத்திருப்பதாகக் கல்லூரியில் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அதற்கு மூட்டை மூட்டையாக உப்புப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். உப்பே வேண்டாம், வெற்றிலைக்குத் தடவுகிற கிளிஞ்சல் சுண்ணாம்பு போதும் என்றேன். தண்ணீரில் கரைந்திருப்பதும் ஒரு வகைச் சுண்ணாம்புதான், முள்ளை முள்ளால் எடுப்பதுபோலச் சுண்ணாம்பைச் சுண்ணாம்பால் எடுத்துவிடலாம் என்றேன். அக்கா நம்பாமல் சிரித்தார்.

ஆனால் அது வேலை செய்தது. ஒரு ஜாடியில் சுண்ணாம்பைக் கரைத்து அசையாமல் வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்வேன். ஆறு குடம் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு குடம் தெளிவு. கிணற்றடித் தொட்டியில் கலந்து ஒரு நாள் விட்டால் வெள்ளை மாவு போல எல்லாம் அடியில் படிந்துவிடும். மேல் தண்ணீரில் சவுக்காரம் நன்றாக நுரைக்கும். சுண்ணாம்பு கூடிப்போனால் தண்ணீர் காரமாகிவிடும், துணியையும் தோலையும் தின்னும். அதைக் கண்டுபிடிக்க, காகிதத் துண்டுகளில் மஞ்சளைத் தடவிக் காயவைத்து வைத்திருந்தேன். ஒரு சொட்டு விட்டால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கவேண்டும். சிவந்தால் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது. இதை அக்காவுக்கும் என் மனைவிக்கும் காட்டிக்கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் பீடத்துணி வெள்ளை வெளேரென்று ஆனது. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பூசை முடிந்ததும் துணியைத் தடவிப் பார்த்து, "இன்னா மாயம் பண்ணே?" என்று அக்காவைக் கேட்டிருக்கிறார். அவர் என்னைக் கைகாட்டினார். பங்குச் சாமியாரும் கேள்விப்பட்டு, மாதா திருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் இதைப் பற்றி எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். நான் கோட்டு மாட்டிக்கொண்டு போனேன். குடம், ஜாடி, சவுக்காரம் எல்லாம் வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். மஞ்சள் காகிதம் சிவப்பதைப் பார்த்து ஜனங்கள் ஆச்சரியப்பட, ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு கொடுத்துச் சோதிக்கச் சொல்லி, இருந்ததையெல்லாம் தீர்த்துவிட்டேன். கைதட்டினார்கள். கல்லூரியில் எனக்கு ஒருவரும் கைதட்டியதில்லை. தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்து, தொட்டியில் மறுநாளுக்குத் தண்ணீர் கலந்து வைக்க மறந்துபோனேன்.

மறுநாள் காலையில் அக்கா வந்து நின்றார். கையில் மடித்த மாதா மேலங்கி. நீலப் பட்டு, ஓரத்தில் சரிகை. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு குடும்பம் காணிக்கையாகக் கொடுத்தது. திருநாளன்று மட்டும் மாதாவுக்குச் சாத்துவார்கள். சாம்பிராணிப் புகையும் மெழுகுச் சொட்டும் படிந்திருந்தன. வழக்கமாக அதை மழைத் தண்ணீர் பிடித்து வைத்துப் பூந்திக்கொட்டை போட்டு அலசுவார். அந்த வருஷம் மழையே இல்லை.

"இது பட்டுக்கு ஆவுமா தம்பி?" என்று கேட்டார்.

"தாராளமா ஆகும். மழைத் தண்ணியெல்லாம் இதுகிட்ட நிக்காது அக்கா" என்றேன்.

தொட்டி காலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முந்தின நாள்தான் ஊருக்கே உபதேசம் செய்தவன். "ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டு, அவசரமாகக் கிணற்றிலிருந்து இறைத்துக் கொட்டினேன். ஜாடியில் தெளிவு போதவில்லை. காத்திருக்க நேரமில்லாமல் அடியிலிருந்த சுண்ணாம்பையும் கலக்கிப் பால் மாதிரி அப்படியே ஊற்றினேன். சோதிக்கக் காகிதம் கிடையாது. மஞ்சளைத் தேடி அரைத்துத் தடவ ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அன்றைக்கு எனக்கு முதல் வகுப்பு கிடையாது.

அக்கா வந்தபோது தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது.

"தெளியலியே தம்பி. காயிதம் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு அக்கா. எடுத்துக்குங்க" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. அவர் இரண்டு குடம் மொண்டு போனார். மெழுகை எடுக்க அதைச் சுடவைத்து, பட்டை அதில் ஊறப்போட்டார்.

சிறிது நேரத்தில் என் மனைவி அதே தண்ணீரில் குளித்துவிட்டு வந்தாள். எங்கள் கிறிஸ்தவப் பெண்களும் மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள்தான். அவள் கன்னம் இரண்டும் குங்குமம் அப்பியது போலிருந்தன.

"இன்னாங்க இது, மஞ்ச செவந்து போச்சு. எரியுது வேற" என்றாள்.

"மஞ்சள் பழசா இருக்கும். குழாய்த் தண்ணியில கழுவு" என்றேன்.

சொல்லும்போதே எனக்குத் தெரியும். அக்காவின் கதவு எங்கள் கதவிலிருந்து பத்தடி. ஓடிப்போய், "அக்கா, எடுத்துடுங்க, தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பட்டு பிழைத்திருக்கலாம். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, அந்தக் கதவைப் பார்க்காமல் டிராம் ஏறப் போனேன்.

சாயங்காலம் திரும்பியபோது மேலங்கி கொடியில் தொங்கியது. நீலம் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது, சரிகை கறுத்திருந்தது. அக்கா மடிக்க எடுத்தபோது மடிப்பிலேயே பட்டு கிழிந்துபோயிருக்கிறது. அவர் கைகளிலும் தோல் உரிந்திருந்தது.

மறுநாள் கோயில் சக்ரீஸ்தில், பூசைச் சாமான்கள் வைக்கிற அந்த அறையில், சாமியார் என்னையும் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் மேலங்கி விரித்துக் கிடந்தது. உபதேசியார் கோபத்தில் நின்றார். அக்கா கைகளைப் புடவைத் தலைப்பில் சுற்றி மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"வெளுப்பு வாங்க ஆசப்பட்டு சலவைச் சோடாவப் போட்டுக்கீது சாமி. வேற இன்னா?" என்றார் உபதேசியார்.

"நான் சோடா போடல சாமி. தம்பி குடுத்த தண்ணியிலதான் நனைச்சேன்" என்றார் அக்கா.

சாமியார் என் பக்கம் திரும்பினார். "நீ ரசாயனம் படித்தவன். பார்த்துச் சொல். எதனால் இப்படி ஆயிற்று?"

நான் குனிந்து பட்டை விரலால் தடவிப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, நேரம் கடத்தினேன். பிறகு சொன்னேன். "காரம் அதிகமாயிருக்கு சாமி. பட்டும் பழசு."

ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அந்தக் காரம் யார் போட்டது என்று சாமியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உபதேசியார், "நான் அப்பவே சொல்லல?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் தேவலை. நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிற பார்வை அது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பீடத்துணிகள் கன்னியாஸ்திரிகளிடம் போயின. அக்கா எங்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். சில மாதத்தில் ஆழ்வார்பேட்டையில் ஒரு வக்கீல் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து, அங்கேயே தங்கப் போய்விட்டார். வண்டியில் அவர் பெட்டியை நான்தான் தூக்கி வைத்தேன். "நல்லா இருங்க தம்பி" என்றார்.

தொட்டியில் தண்ணீர் கலப்பதை நிறுத்திவிட்டேன். நல்ல சுண்ணாம்பு கிடைப்பதில்லை என்று காரணம் சொன்னேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய எங்கள் கோயிலில் மண்டியிடத் துணிவில்லாமல், முகம் தெரியாத ஒரு கோயிலைத் தேடி ஊரின் மறுகோடிக்குப் போனேன். தட்டியின் மறுபக்கத்திலிருந்து அந்தச் சாமியார் சொன்னார்: "பத்து பிரியதத்தம் சொல். அதைவிட முக்கியம், அந்த அம்மாளிடமும் மற்றவர்களிடமும் போய் உண்மையைச் சொல்." மாதாவை நோக்கிச் சொல்லும் அந்தப் பத்து பிரியதத்த ஜெபத்தையும் அங்கேயே சொல்லி முடித்தேன். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அந்த அப்புறம் மூன்று வருஷம் நீண்டது.

யுத்தம் முடிந்திருந்தது. ஒரு நாள் மயிலாப்பூர்க் குளத்துக்கு எதிரே டிராமுக்கு நின்றபோது, பின்னாலிருந்து "தம்பி" என்று குரல் கேட்டது. அக்கா. தலை நரைத்திருந்தது. என் மனைவியை விசாரித்தார், எங்கள் குழந்தையை விசாரித்தார். பையில் என்ன என்று நான் கேட்டேன், வேறு பேச்சு தோன்றாமல்.

"கிளிஞ்சல் சுண்ணாம்பு. அந்த வூட்டுக் கெணறும் நம்மள்து மாதிரிதான் கீது. நீங்க சொல்லிக் குடுத்தாப்பலயே தெளிவு ஊத்தித்தான் கொளந்தைங்கள குளிப்பாட்டிக்கினு இருக்கேன். வக்கீல் அம்மாவுக்கு ரொம்ப சந்தோசம். உங்களப் பத்திக்கூடச் சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "காயிதம் பாக்காம தொடமாட்டேன் தம்பி. அன்னிக்கி மட்டும் நானும் ஒரு தபா பாத்திருந்தா, மாதா துணி போயிருக்காது. மெழுகுக்காவ ரொம்பச் சுடவச்சிட்டேன்னு நெனைக்கிறேன். எங்கிட்டதான் ஏதோ தப்பு."

டிராம் வந்தது. நான் ஏறவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் காகிதம் போட்டுப் பாக்கல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கலக்கி ஊற்றியது, என் மனைவி முகம் சிவந்தது, தெரிந்தும் போனது, சக்ரீஸ்தில் வாயை மூடிக்கொண்டது. ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் பையைக் கீழே வைத்தார்.

"மூணு வருசமா என் கையத்தான் திட்டிக்கினு இருந்தேன்" என்றார் கடைசியில்.

நான் மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"சாமிக்குத் தெரியுமா?"

"அந்தச் சாமி மாத்தலாகிப் போயிட்டாரு."

"உபதேசியார் கீறாரில்ல?"

"இருக்காரு."

"அவர்கிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது" என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அன்று மாலையே உபதேசியாரிடம் போனேன். வயதாகிவிட்டது அவருக்கு. கோயில் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "நான் அந்தப் பொண்ண இன்னா பேச்சு பேசினேன்" என்று தன்னையே நொந்துகொண்டார். அடுத்த ஞாயிறு அவரே ஆழ்வார்பேட்டைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

வக்கீல் வீட்டுப் பின்வாசலில் அக்கா பெஞ்சு போட்டு எங்களை உட்காரவைத்தார். உபதேசியார் கை கூப்பினார். அக்கா பதறி, "இன்னா மாமா நீங்க போய்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்ப வந்து பீடத்துணிகளைப் பார்த்துக்கொள்ளும்படி அவர் கேட்டார். அக்கா மறுத்துவிட்டார். இந்தக் குழந்தைகளை விட்டுவிட்டு வர முடியாதாம். திருநாளுக்கு மட்டும் வருவதாகச் சொன்னார், வந்தார். என்னிடம் மரியாதையாகப் பேசினார், குழந்தைக்கென்று முறுக்குப் பொட்டலம் கொடுத்தனுப்பினார். ஆனால் அதன்பின் என்னிடம் எந்த யோசனையும் அவர் கேட்டதில்லை.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "நான் வந்து சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். அவள் கழுநீரைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும், நான் ஏதாவது உறுதியாகச் சொன்னால் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். அந்தப் பழக்கம் அவளுக்குக் கடைசிவரை போகவில்லை. போகச் சொல்ல எனக்கும் உரிமையில்லை.