பூஜையறையில் தங்கிவிட்ட கொக்கி

திண்டிவனத்தில் என் அக்கா வீட்டுப் பூஜையறையில், அம்மன் படத்துக்குக் கீழே, ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. சாண் நீளம் இருக்கும். ஒரு முனையில் வளையம், மறுமுனையில் மரை. வளையத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார்கள். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன சாமி என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். சாமியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கார் எங்காவது மாட்டிக்கொண்டால், அதன் மூக்கில் இதைத் திருகிக் கயிறு கட்டி இழுக்க வேண்டும், அதற்கான கொக்கி. அந்தக் காரை விற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. கொக்கியைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்றும் நேரமாகிவிட்டது போலவே இருக்கும், கையும் காலும் ஓரிடத்தில் நிற்காது.

கார் மாமாவுடையது. அக்காவின் வீட்டுக்காரர், திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு எல்லாரும் அந்தக் குட்டி எஸ்.யூ.வி. வண்டிகளை வாங்க ஆரம்பித்தார்களே, அப்போது அவரும் ஒன்று வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? எங்கள் உயிரையும் சேர்த்து வாங்கினார். கோலியனூரில் இருக்கும் எங்கள் அப்பா வீட்டுக்குக் கிளம்புவதென்றாலும் எங்களை உள்ளே உட்காரவைத்துவிட்டு, காரைச் சுற்றி வருவார். வண்டி ஓடுவதற்கு முன்பே டயரில் காற்று பார்க்க வேண்டும், ஓடிச் சூடான டயர் பொய் சொல்லும் என்பார். குனிந்து தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். கூலன்ட் பார்ப்பார். ஸ்டெப்னிக்குக் காற்று இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து அமுக்கிப் பார்ப்பார். உள்ளே நாங்கள் வெந்துகொண்டிருப்போம். எனக்குப் பிறவியிலேயே பொறுமை கிடையாது.

“இன்னா மாமா, கார்ல ஊருக்குப் போறோமா, காருக்கு மாப்பிள்ள பாக்கப் போறோமா?” என்று கத்துவேன்.

“இரும்மா, வர்றேன். வழியில நின்னுக்கினா நீயா வந்து தள்ளுவ?” என்பார், தலையை நிமிர்த்தாமலே.

அதோடு போகட்டும் என்றால், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரையும் விடமாட்டார். “பம்பர்ல மட்டும் கயிறு கட்டிராதீங்க, அது வெறும் பிளாஸ்டிக்கு, கையோட வந்துரும். கொக்கிய எடப்பக்கமாத் திருகணும், எல்லா மரையும் மாதிரி நெனச்சி வலப்பக்கம் திருகிக்கினே இருப்பானுங்க. இழுக்கும்போது சாவியப் புடுங்கிராதீங்க, ஸ்டீயரிங் பூட்டிக்கும். இஞ்சின் ஓடலன்னா பிரேக்கு கல்லாட்டம் இருக்கும், ஏறி மிதிக்கணும்.” சாம்பார் சாதத்திலேயே எழுந்து போனவர்கள் உண்டு.

அக்காவோ அந்தக் காரில் ஏறியதே குறைவு. அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. வேலை கல்வராயன் மலையில். அப்போது அதுவும் விழுப்புரம் மாவட்டம்தான், பெயருக்கு ஒரே மாவட்டம். திண்டிவனத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போனால் ஒரு பகல் போய்விடும். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். குழந்தை இங்கே, மாமாவிடம். சனிக்கிழமை அவள் வந்து இறங்கினால் குழந்தை முதலில் மாமாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அதைப் பார்க்கும்போது அக்கா முகம் போகிற போக்கை என்னால் தாங்க முடியாது. மாறுதல் கலந்தாய்வுக்கு ஒவ்வொரு முறையும் போனாள், ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இடம் இல்லை. அந்த வருடம் திண்டிவனத்தை ஒட்டி ஒரே ஓர் இடம் காலியாகியிருந்தது. கலந்தாய்வு விழுப்புரத்தில். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்தவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவ்வளவுதான் விஷயம். அதற்குமேல் யாரிடம் அழுதும் பயனில்லை.

அந்த வருடம் கலந்தாய்வு தள்ளிப் போய், ஆயுத பூஜை முடிந்த கையோடு வந்தது. ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கம் வண்டியை மட்டும் கழுவி மாலை போட்டால் போதாது. உள்ளே இருக்கிற ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து, பொட்டு வைத்து, சாமி முன்னால் பரப்ப வேண்டும். மறுநாள்தான் எடுத்து வைக்கலாம். மலையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்கா அதையெல்லாம் தானே செய்வேன் என்று பிடிவாதமாகச் செய்தாள். அந்த வீட்டில் தன் கை பட்டு ஒரு வேலை நடக்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

கலந்தாய்வு நாள் காலையில் திருவக்கரை போய் வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே உள்ரோட்டில் விழுப்புரம் போவதாகத் திட்டம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த எங்கள் அம்மாவிடம் அதை விட்டுவிட்டோம். மாமா வழக்கம்போல டிக்கிப் பக்கம் போனார். “ஐயோ மாமா, இன்னிக்காவது ஜல்தி வாங்க!” என்று நான் கத்த, அக்காவும் ஏதோ சொல்ல, அவர் டிக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாமி கும்பிட்டுக் கிளம்பும்போது தூறல். குறுகிய ரோடு. எதிரே வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. மாமா ஓரம் ஒதுங்கினார். முந்தின ராத்திரி மழையில் ஊறியிருந்த மண் அப்படியே உள்வாங்கியது. முன்சக்கரம் இரண்டும் சேற்றில். லாரிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாவி.

மாமா பனை மட்டைகளைப் பொறுக்கிவந்து சக்கரத்துக்கு அடியில் சொருகினார். மெல்ல முறுக்கிப் பார்த்தார். சக்கரம் சுற்றியதே தவிர, வண்டி அசையவில்லை. “இதுக்கு மேல முறுக்கினா குழி தோண்டிக்கும்” என்று நிறுத்திவிட்டார். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது. எதிர்ப்பக்கம் போன பால்கார வண்டியைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை. அக்கா கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக நடந்தாள். நான் இருக்கிற தெய்வங்களை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் இறங்கிப் பார்த்து, “கயிறு எங்கிட்ட கீது. கொக்கி வச்சிருக்கீங்களா சார்?” என்றார். மாமா உற்சாகமாக டிக்கியைத் திறந்தார். பையைக் கொட்டினார். ஜாக்கி இருந்தது, ஸ்பேனர் இருந்தது, குங்குமத்தோடு. கொக்கி இல்லை. ஒரு நிமிடம் குனிந்தபடியே நின்றார். பிறகு நிமிர்ந்து, “கொக்கி வூட்லயே தங்கிப் போச்சி. நான்தான் மறந்துட்டேன்” என்றார்.

அக்கா வெடித்துவிட்டாள். “ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணீங்களே! உங்க காரு, உங்க கொக்கி, உங்க காத்து! எம் புள்ளகூட இருக்கறதுக்கு ஒரு எடம் கெடைக்கப் போவுது, அதுலயா மண்ணப் போடுவீங்க?” நானும் என் பங்குக்குப் போட்டேன்.

“டிராக்டர்ல ஏறிக்கட்டுமா?” என்று அக்கா கேட்டாள். “இதுல போனா மத்தியானம் ஆயிடும்மா” என்றார் டிராக்டர்காரர். “பம்பருக்கு உள்ள எங்கனா கட்டி இழுக்கட்டுமா சார்? பேஜாரு ஆனா என்ன கேக்கக் கூடாது.”

எங்கே கட்டக் கூடாது என்று ஊருக்குச் சொன்ன மனிதர், வெள்ளைச் சட்டையோடு சேற்றில் மல்லாந்து படுத்தார். காருக்கு அடியில் தலையை நுழைத்து, சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கையில் தானே கயிற்றைக் கட்டினார். எழுந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, எங்களைத் தூரப் போகச் சொன்னார். “வெடுக்குன்னு இழுக்காதப்பா, மெதுவா” என்றார். கயிறு விறைத்தது. பம்பரின் கீழ்ப்பாதி படாரென்று பிய்ந்தது. உள்ளே ஏதோ இரும்பு முனகியது. வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது.

விழுப்புரம் வரை அது ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. டயர் கத்தியது. தொங்கிய பம்பர் ரோட்டில் தேய்ந்தது. ஒரு சின்னச் சத்தம் கேட்டாலே வண்டியை நிறுத்துகிறவர் காதில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. வழியெல்லாம் அக்கா அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். கலந்தாய்வு நடந்த இடத்து வாசலில் இறங்கியபோது அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். “இருக்கேன் சார்!” என்று அவள் போட்ட சத்தம் வெளியே ரோட்டில் நின்ற எனக்குக் கேட்டது. மாறுதல் ஆணையோடு திரும்பி வந்தபோதுதான் அழுதாள்.

காரை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் திண்டிவனம் வந்து சேர்ந்தோம். சாயங்காலம் விளக்கேற்றப் பூஜையறைக்குள் போன அக்கா வெளியே வரவே இல்லை. போய்ப் பார்த்தேன். வாடிய சாமந்திப் பூக்களை ஒதுக்கிய கையோடு உட்கார்ந்திருந்தாள். பூவுக்கு அடியில் கொக்கி.

“எல்லாம் எடுத்து வச்சிட்டேன், கிளம்புங்கன்னு காலையில நான்தான்டி சொன்னேன்” என்றாள். அது எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் டிக்கியிலிருந்து மாமா கையை எடுத்தது அந்த வார்த்தைக்குத்தான்.

ஏன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று மாமாவைப் பிடித்து உலுக்கினோம். அவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “அங்கயே சொல்லியிருந்தா அழுதுக்கினே உள்ள போயிருப்ப. பேர் கூப்புட்டா வாய் தொறந்திருக்க மாட்ட. என்னத் திட்டிக்கினு போனா தைரியமாப் போவ, அதான்.”

அன்று முழுக்க நான் அவரைப் பேசிய பேச்சை நினைத்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தக் கொக்கியை அக்கா மறுபடி காரில் வைக்க விடவில்லை. காருக்கு வேறு கொக்கி வாங்கினார்கள்.

இப்போது அவர்களிடம் இருப்பது வேறு வண்டி. மாமாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டதால் குனிய முடிவதில்லை. அக்காதான் சுற்றி வந்து காற்று, தண்ணீர், கொக்கி எல்லாம் பார்க்கிறாள். மாமா உள்ளே உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறார். “ஜல்தி வாம்மா, எவ்ளோ நேரம்!” என்கிறார். எனக்குச் சிரிப்பு வரும்.

சென்ற ஆயுத பூஜைக்கும் போயிருந்தேன். பழைய கொக்கிக்குத்தான் முதல் பொட்டு. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண் அதைப் பார்த்து, “இது இன்னாக்கா?” என்று கேட்டாள்.

“அது நான் மறந்தது” என்றாள் அக்கா.

வாசல் நாற்காலியிலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

“அவ சொல்றத நம்பாதம்மா. மறந்தது நான்தான்.”