‘உடையவே உடையாது’ என்று நான் சொன்னது

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி காந்தி வீதியில் நடந்தது இது. இதைப் படிக்கிற பிள்ளைகளே, நான் ஒன்பதாவது வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்ததற்கு மேல் ஒரு வார்த்தைகூடக் கூட்டி எழுதக் கூடாது என்ற முடிவோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்பது படித்தால் தெரியும்.

நான் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு ஒரு பெயிண்ட் கடையில் சேர்ந்தேன். அது வாரத்தில் ஆறு நாள். ஏழாவது நாள் சண்டே மார்க்கெட்டில், பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் வாசலில் மடக்கு மேசை போட்டுக்கொண்டு உட்காருவேன். போனுக்குக் கவர், சார்ஜர் ஒயர் எல்லாம் இருக்கும். ஆனால் அதிகம் விற்பது டெம்பர்தான். திரைக்கு மேல் ஒட்டுகிற மெல்லிய கண்ணாடிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

ஆடிக் காற்றில் டெம்பர் ஒட்டுவது பெரிய பாடு. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி உள்ளே போய்விட்டால் போதும், அந்த இடத்தில் குமிழி நிற்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதனால் காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி, குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஒட்டுவேன். கையில் சுத்தமாக வேலை செய்வேன். வாயில்தான் சுத்தம் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அன்றைக்கு ஆடித் தள்ளுபடிக் கூட்டம். நடுவே ஒரு அம்மா தன் மகளோடு வந்தார். மகளுக்கு எட்டோ ஒன்பதோ வயது இருக்கும். என் மகள் வயதுதான். குருசுக்குப்பத்திலிருந்து நடந்தே வருவதாகவும், பீச் ரோட்டில் ஒரு தங்கும் விடுதியில் ரூம் சுத்தம் செய்கிற வேலை என்றும், வீட்டுக்கு இதுதான் முதல் டச் போன் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். அடுத்த நாள் எத்தனை மணிக்கு வேலைக்கு வரவேண்டும் என்பதை விடுதியில் போனில்தான் சொல்வார்களாம். போனை என்னிடம் தந்துவிட்டு, மகளை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எதிரே நைட்டி பார்க்கப் போனார்.

அந்தக் குழந்தை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. ஈரத் துணி எதற்கு, காய்ந்த துணி எதற்கு, அந்த நீல ஸ்டிக்கர் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகவே பதில் சொன்னேன். கண்ணாடியை வைத்து நடுவில் ஒரு விரலால் அழுத்தினேன். அது தண்ணீர் பரவுவதுபோல நாலு பக்கமும் பரவி ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் ஒரு ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தில் நான் மயங்கிவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"மாமா, கீழ வுழுந்தா ஒடையாதா?"

"ஒடையவே ஒடையாது பாப்பா. மாடியிலேர்ந்து போட்டாகூட ஒண்ணும் ஆவாது" என்றேன். வெறும் பேச்சோடும் விடவில்லை. வேறொரு கண்ணாடியை எடுத்துக் கத்தரிக்கோல் பிடியால் டொக் டொக் என்று தட்டிக் காட்டினேன். சாவியால் கீறியும் காட்டினேன். பக்கத்தில் டீ-சர்ட் விற்கிற அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். அம்மா திரும்பி வந்து போனை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு மதியம் இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். அந்த அம்மா போனை மேசைமேல் வைத்தார்.

நான் ஒட்டின டெம்பரில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குக் கீழே, திரையின் ஒரு மூலையிலிருந்து பாதி வரைக்கும், மை கொட்டினதுபோல ஒரே கறுப்பு. மீதிப் பாதியில் பச்சைக் கோடுகள்.

"நீங்க ஒட்டின கண்ணாடி ஒடையலண்ணா. நல்ல கண்ணாடி" என்றார் அந்த அம்மா. "போன்தான் ஒடைஞ்சிடிச்சி."

நடந்தது இதுதான். புதுப் போன் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று தெருப் பிள்ளைகளுக்குள் பேச்சு வந்திருக்கிறது. உடையாது என்று இந்தக் குழந்தை சொல்ல, உடையும் என்று மற்றவர்கள் சொல்ல, மாடிப்படியில் நாலாவது படியில் நின்று இது போனைக் கீழே விட்டிருக்கிறது. மொட்டைமாடி வரைக்கும் போகவில்லை. நான் மாடி என்று சொல்லியிருந்தும் அது நாலு படியோடு நிறுத்தியது. என்னைவிட அதற்கு நிதானம் இருந்திருக்கிறது. போனின் மூலை சிமெண்டில் இடித்து உள்ளே டிஸ்பிளே போய்விட்டது.

"மாடியிலேர்ந்து போட்டாகூட ஒண்ணும் ஆவாதுன்னு நீங்க சொன்னதா இவ சொல்றா. சொன்னீங்களா?"

அந்த நேரம் என் மேசையைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவருடைய போனைத் துடைத்துக் கையில் வைத்திருந்தேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொன்னால் இத்தனை பேரும் பக்கத்து மேசைக்குப் போய்விடுவார்கள். இந்தப் போனுக்கும் நான்தான் பதில் சொல்லவேண்டி வரும். இது இரண்டும் ஒரு நொடியில் மனசில் ஓடியது.

"நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா. கொழந்த எதையோ தப்பா புரிஞ்சிகிச்சி" என்றேன்.

அந்த அம்மா மகள் பக்கம் திரும்பினார். "போனையும் ஒடைச்சிட்டு, பொய் வேற சொல்றியா?" என்று கையில் நறுக்கென்று கிள்ளினார். குழந்தை அழவில்லை. என்னை மட்டும் பார்த்து, மெதுவாக, "சொன்னீங்க மாமா" என்றது. ஒரே ஒரு தடவைதான். பிறகு இரண்டு பேரும் கூட்டத்தில் போய்விட்டார்கள்.

கையில் இருந்த போனுக்கு டெம்பர் ஒட்டினேன். குமிழி நின்றது. எடுத்துவிட்டு வேறொன்று ஒட்டினேன். அதிலும் நின்றது.

டீ-சர்ட் அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "ஏம்பா, நீதான சொன்ன? மாடி கீடின்னு பெருசா அடிச்சி வுட்டியே, நா கேட்டனே" என்றார். பிறகு அவரே, "சரி வுடு, யாவாரத்துல இதெல்லாம் சகஜம்" என்று சிரித்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

சாயங்காலம் வீட்டில் என் மகள் வழக்கம்போல ஓடிவந்து, "இன்னிக்கி எத்தன பேருக்குப்பா ஒட்டின?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள எங்க இருக்குதுன்னு தெரியுமா?" என்றாள்.

"குருசுக்குப்பம்னு சொன்னாங்க."

"அப்பறம் இன்னா? போய்ச் சொல்லிட்டு வா. குருசுக்குப்பம் இன்னா பெங்களூருலயா இருக்குது?"

திங்கட்கிழமை பெயிண்ட் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனேன். அங்கே போன பிறகுதான் உறைத்தது, எனக்கு அந்த அம்மாவின் பெயரும் தெரியாது, குழந்தையின் பெயரும் தெரியாது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "எட்டு ஒன்பது வயசு பொண்ணு, அவங்க அம்மா விடுதியில வேலை செய்யறாங்க" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேரு கூடத் தெரியாம பொம்பளப் புள்ளைய எதுக்குய்யா தேடுற?"

நான் விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் கூடியது. இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அவர்கள் செய்தது நியாயம். என் தெருவில் ஒருவன் அப்படி வந்து கேட்டிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். பேசாமல் திரும்பிவிட்டேன். வழியெல்லாம், வந்து பார்த்தோமே, கிடைக்கவில்லையே, நம்மேல் என்ன தப்பு என்று மனசு சமாதானம் தேடியது. அந்தச் சமாதானத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு பொய்யைச் சொல்ல ஒரு நொடி போதும் என்றால், அதைத் திரும்ப எடுக்க எத்தனை நாள் ஆனாலும் அலையவேண்டியதுதான் என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகப் பார்த்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். தெருமுனையில் ஏழெட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். "போன் ஒடைஞ்சிபோச்சே, அந்தப் பொண்ணு வீடு எது?" என்று மனைவி கேட்டாள்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். ஒரு பையன் கையை நீட்டி, "‘ஒடையவே ஒடையாது’ வீடா? அதோ, பச்சக் கதவு!" என்றான்.

பிள்ளைகளே, நான் சந்தையில் சொன்ன வார்த்தை அந்தக் குழந்தைக்குப் பட்டப்பெயராகியிருந்தது. அதன் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் என் பொய்யைச் சொல்லித்தான் தெருவே வழி காட்டுகிறது.

அந்த அம்மா வீட்டில்தான் இருந்தார். போன் இல்லாததால் முந்தின நாள் நேரம் மாறியது தெரியாமல் வேலைக்குத் தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்கியிருக்கிறார். அந்தக் கோபம் முகத்தில் இருந்தது. குழந்தை தரையில் கவிழ்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்று சொன்னேன்: "அம்மா, உங்க பொண்ணு பொய் சொல்லல. மாடியிலேர்ந்து போட்டாகூட ஒண்ணும் ஆவாதுன்னு நான்தான் சொன்னேன். சொல்லலன்னு சொன்னேனே, அதுதான் பொய்."

அவர் மகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? கிள்ளு வாங்கினது அவ. அவகிட்ட சொல்லுங்க" என்றார்.

குழந்தையிடம் சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். அது எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தது.

"அவங்க முன்னாடி சொல்லுவீங்களா?" தெருமுனைப் பக்கம் பென்சிலைக் காட்டியது.

நாற்பது வயது தாண்டியவன், சின்னப் பிள்ளைகள் முன்னால் போய் நான் பொய்யன் என்று சொல்லவேண்டும். மனைவி என்னைப் பார்த்தாள். நான் நடந்தேன். குழந்தை முன்னால் போனது. பிள்ளைகளிடம் சத்தமாகவே சொன்னேன். டெம்பர் ஒட்டின ஆள் நான்தான், உடையவே உடையாது என்று சொன்னதும் நான்தான், இந்தப் பொண்ணு நான் சொன்னதை நம்பிச்சு, அவ்வளவுதான், இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க என்றேன்.

வழி காட்டின பையன் கேட்டான்: "அப்போ மாடியிலேர்ந்து போட்டா ஒடையுமா?"

"ஒடையும்."

"டெம்பர் இருந்தாக்கூடவா?"

"இருந்தாலும் ஒடையும்."

"அப்பறம் எதுக்கு அத விக்கிறீங்க?"

மறுபடி சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை என்னைப் பார்த்து. சிரித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவன் கேட்டது நல்ல கேள்வி. வாடிக்கையாளர் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அதனால் யோசித்துத்தான் பதில் சொன்னேன். பையில் சாவியும் போனும் ஒன்றாகக் கிடந்தால் திரையில் கீறல் விழாமல் காப்பாற்றும். கடற்கரை மணல் உரசினால் தாங்கும். கைதவறிக் குப்புற விழுந்தால் பல நேரம் அடியைத் தானே வாங்கிக்கொண்டு அது உடையும், திரை தப்பிக்கும். மூலையில் அடிபட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒட்டுவது நல்லதுதான், ஆனால் ஒட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் போனைத் தூக்கிப் போடக் கூடாது. இவ்வளவுதான் டெம்பர். இதை அன்றைக்குச் சந்தையில் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

போனை வாங்கிக்கொண்டு வந்தேன். பழுது பார்க்கிற நண்பனிடம் கொடுத்துப் புது டிஸ்பிளே மாற்றினோம். அந்தச் செலவுக்கு ஈடாகச் சில வாரம் அவன் கடையில் சாயங்காலங்களில் வேலை செய்துகொடுத்தேன். அந்த வார வெள்ளிக்கிழமையே போனைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, காற்று வராமல் கதவைச் சாத்திக்கொண்டு, புது டெம்பர் ஒட்டினேன். மூலைகள் தடித்த ஒரு கவரும் போட்டேன். மேலே இருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் குழந்தையையே உரிக்கச் சொன்னேன்.

அந்த அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒடையாதில்லண்ணா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தை சொன்னது: "ஒடையும்மா. பாத்து வச்சிக்கணும்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் இதைச் சொல்லும்போது எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில்தான் மேசை போடுகிறேன். உடையாதா என்று கேட்பவர்களிடம், "சில அடியத் தாங்கும், எல்லா அடியயும் தாங்காது" என்கிறேன். சிலர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறார்கள். "உண்மையப் பேசிப் பேசியே கடைய மூடப்போற" என்று டீ-சர்ட் அண்ணன் கிண்டல் செய்கிறார். கூட்டம் அலைமோதும் நாட்களில் ‘ஒடையவே ஒடையாது’ என்பதில் வருகிற அந்தப் பழைய ‘வே’ நாக்கு நுனி வரைக்கும் வரத்தான் செய்கிறது. விழுங்கிவிடுகிறேன். அந்த ஒரு எழுத்தைச் சேர்க்காவிட்டால் ஒருநாள் வியாபாரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சேர்த்தபோது ஒரு குழந்தையின் பெயரே மாறிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.