ஹம்மிலிருந்து ஒரு கூடைப்பந்துப் பயணம்

1986 நவம்பர், ஒரு சனிக்கிழமை. காலை ஏழரைக்கு நானும் நாதனும் ஜெர்மனியின் ஹம் ரயில் நிலையத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றோம். நாதன் எங்கள் அகதி விடுதியில் என் அறையில் இருப்பவன். இருபத்தொரு வயது, ஆறடிக்கு மேல் உயரம். யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்காகக் கூடைப்பந்து ஆடியவன். ஹாகனுக்கு அப்பால் ஒரு சிறு நகரத்துக் கழகத்தில் அமெரிக்கக் கோச் ஒருவர் அணிக்கு ஆள் எடுக்கிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து என்னை அவன் நிம்மதியாக இருக்க விடவில்லை. ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவன் என்பதால் நானும் கூடப் போகவேண்டியதாயிற்று.

எங்களைப் போன்றவர்கள் நகர எல்லையைத் தாண்டுவதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இந்த ஒரு நாளுக்காக மூன்று தடவை அங்கே நடந்தோம். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்றுதான் விட்டார்கள்.

ரயில் ஊனா வரை ஒழுங்காக ஓடியது. அதன்பிறகு நின்றுவிட்டது. ஜெர்மனியில் ரயில் பிந்தாது என்று எனக்குச் சொன்ன மனிதரை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கழகத்தின் ஆட்ட மண்டபத்துக்குள் நுழையும்போது பதினொரு மணி. கோச்சுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்து சிவக்கக் கத்திக்கொண்டிருந்தார். ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. அவர் கத்தியதைக் கழகச் செயலாளர் பணிவாகச் சுருக்கி மொழிபெயர்த்தார்.

"நான் ஒரு நிமிடம் கத்தினேன். நீ இரண்டு சொல்தான் சொல்கிறாய்!" என்று கோச் செயலாளர்மேல் பாய்ந்தார்.

நான் ஆங்கிலம் பேசுவதைக் கேட்டதும் என்னைப் பிடித்துக்கொண்டார். வந்த பத்து மாதத்தில் பொறுக்கிய ஜெர்மனில் நான் அவருடைய திட்டுகளை மொழிபெயர்த்தேன். ஆட்டக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாதன் களத்தின் ஓரத்து வாங்கிலில் உட்கார்ந்திருந்தான். இருந்துகொண்டே இருந்தான்.

இடைவேளையிலாவது அவனைப் பற்றிச் சொல்லலாம் என்று போனேன். கோச் தன் கதையைத் தொடங்கிவிட்டார். ஒஹாயோவில் ஒரு கல்லூரியில் பன்னிரண்டு வருடம் உதவியாளர், பிறகு தலைமைப் பயிற்சியாளர். வென்ற வருடத்தில் தோளில் தூக்கினார்களாம். தொடர்ந்து தோற்றதும், வெளியூர் ஆட்டம் முடிந்து வருவதற்குள் அறைக்கதவில் இருந்த பெயரைக் கழற்றிவிட்டார்களாம். ஏதாவது கல்லூரி கூப்பிடும் என்று இங்கே காத்திருக்கிறார்.

மூன்று மணி. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, மாலைக்குள் நாங்கள் ஹம்மில் இருக்க வேண்டும். இவனை ஐந்து நிமிடம் ஆட விடுங்கள். பிறகு உங்கள் கதையை எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கிறேன்."

 கோச் விசிலை ஊதி நாதனைக் கூப்பிட்டார்.

இரவல் சப்பாத்து காலில் கழன்று கழன்று வந்தது. அப்படியும் அவன் ஆடினான். பத்து மாதம் வேலையில்லாமல் விடுதிக் கட்டிலில் கிடந்தவன் பந்தை வாங்கிய விதத்தைப் பார்த்து ஜெர்மன்காரப் பொடியன்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். கோச் அன்று முதல் தடவையாகக் கத்தவில்லை.

"செவ்வாய், வியாழன் பயிற்சி. வரச் சொல்."

அனுமதிக் கதையைச் சொன்னேன். "பையன்களை ஆட வா என்று கெஞ்சி எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். வர விரும்புகிறவனை வரவிடாத சட்டத்தை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று சொல்லிக் கோச் எங்களைத் தன் காரில் ஏற்றினார். இரண்டு தடவை வழி தவறினார். இரண்டு தடவையும் என்னைத்தான் திட்டினார்.

விடுதியில் கட்டிலில் அமர்ந்து தேநீரை வாங்கிக்கொண்டார்.

"தாயோடு பேசாமல் நான் யாரையும் அணிக்கு எடுத்ததில்லை. இவன் தாய் எங்கே?"

"யாழ்ப்பாணத்தில். தொலைபேசி இல்லை."

"அப்படியானால் எழுதச் சொல். மகனுக்கு நல்ல கைகள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று."

இதைத் தமிழில் சொன்னதும் நாதன் சினந்தான். "அண்ணை, எனக்கு இஞ்ச நல்ல வேலை எண்டு அம்மாவுக்கு எழுதி வைச்சிருக்கிறன். இப்ப பந்தடிக்கப் போறன் எண்டு எழுதினா அவ என்ன நினைப்பா? ஏலாது எண்டு சொல்லுங்கோ."

நாள் முழுக்க மொழிபெயர்த்துக் களைத்திருந்தேன். "எழுதுவானாம்" என்றேன். கோச் திருப்தியோடு போனார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். பந்து விளையாட்டுக்கெல்லாம் அனுமதி கிடையாதாம். கோச்சுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் திட்டிய திட்டை நல்லவேளை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்தபோது நாதன் கட்டிலில் குனிந்து தாய்க்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான்.

"அண்ணை, கோச் என்ன சொன்னவர்? நல்ல கை எண்டோ, மெத்த நல்ல கை எண்டோ?"

"மெத்த நல்ல கை எண்டுதான்" என்றேன்.