தையில் தூக்கிய வண்டி

காரின் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் பழைய வீட்டு வண்டி ஒன்றை, வேலையில் இருந்து ஓய்வுபெற்ற வருடம் என் கணவர் வாங்கி வந்தார். நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் நாங்கள் இருக்கும் மகள் வீட்டு வளவிலேயே நிறுத்தினார். கோடையிலாவது எங்களுக்கென்று ஒரு கதவும் ஒரு அடுப்பும் வேண்டும் என்று எனக்கு ஆசை. வாய்விட்டுச் சொன்னதில்லை. இவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அடிப்பலகை உக்கிப் போயிருந்தது. திருத்த இரண்டு வருடமாவது செல்லும், அதுவரை ரயரில் நிற்கவிடாமல் இரும்புத் தாங்கிகளில் தூக்கி வைக்க வேண்டும் என்றார். வண்டியின் மூலைகளில் உள்ள மெல்லிய கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தானாம், பாரம் தாங்காதாம்.

மார்கழியில் பக்கத்து வீட்டு நோர்வேக்காரக் கிழவர் வந்து பார்த்துவிட்டு மகளிடம் ஏதோ சொன்னார்.

"நிலம் உறைஞ்சு கிடக்காம், அப்பா. இப்ப கல்லு மாதிரி இருக்கும், இளகேக்கை தாங்கியள் சேத்துக்குள்ளை தாண்டுபோமாம். மேயிலை வெட்டி, சல்லி போட்டு, அகலக் கல்லு வைச்சுத் தூக்கட்டாம்."

இவர் தலையாட்டினார். நான்தான் குசினிக்குள் வைத்து மெல்லச் சொன்னேன்.

"வீட்டு வேலை. தையிலை தொடங்குங்கோவன். நல்ல நாள் கிடக்கு."

"கிழவனுக்குத் தை தெரியாது, உமக்குப் பனி தெரியாது," என்று சிரித்தார். "நடுவிலை நான்."

ஆனாலும் எனக்காகத் தையிலேயே தூக்கினார். தாங்கிகளுக்குக் கீழே சின்னப் பலகைத் துண்டுகள் வைத்தார். தேங்காய் உடைக்கக் கல்லுத் தேடவில்லை. நிலத்தில் அடித்தேன், சரிபாதியாகப் பிளந்தது. எனக்குப் பெரிய சந்தோசம்.

பங்குனியில் பனி கரையத் தொடங்கியது. தேத்தண்ணி கொண்டுபோனபோது வண்டிக்குள் அலுமாரிக் கதவு தானாகத் திறந்து கிடந்தது. மூடிவிட்டு வந்தேன். அடுத்த நாளும் திறந்து கிடந்தது. கொளுக்கி பழுது என்று நினைத்தேன். வேலை செய்கிறவரிடம் இதையெல்லாம் போய்ச் சொல்வதா என்று பேசாமல் இருந்துவிட்டேன். மூன்றாம் நாள், இவர் உள்ளே பலகை அடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு தாங்கி சேற்றுக்குள் தாண்டு சரிந்தது. அலுமாரிக் கதவு திறந்த அதே பக்கம் வண்டி விழுந்தது. இவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

இப்போது சில்லுப் பூட்டிய றுல்லாட்டரைப் பிடித்துத்தான் நடக்கிறார். வண்டியின் படி ஏற ஏலாது. ஏறி என்ன, சட்டமே வளைந்து போய்விட்டது. ஒரு வருடமாக அது சரிந்தபடி நிற்கிறது. இவர் யன்னலோரம் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

போன கிழமை மகள் வந்து, "புதன்கிழமை அதை உடைக்க ஏத்திக்கொண்டு போகினம், அப்பா," என்றாள்.

இவர் யன்னலை விட்டுத் திரும்பவில்லை. "இஞ்சேரும், புதன் நல்ல நாளோ எண்டு பாத்தனீரோ?"

"இல்லை," என்றேன்.

பகிடியா கோபமா என்று இவர் குரலில் தெரியவில்லை. அலுமாரிக் கதவைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.