காதர் பாய் தொடாத வயர்

பழைய காரின் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து மூச்சை இழுத்தால் ஒரு வாசனை வரும். ரப்பர், எண்ணெய், நூல் சுற்றிய வயர்... எல்லாம் கலந்த சூடான வாசனை. எனக்குத் தொண்ணூற்றாறு வயதாகிறது. நான் சொல்லச் சொல்ல பேத்தி போனில் அடிக்கிறாள். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக நினைப்பு.

யுத்தம் முடிந்த சமயம். மாட்டுங்காவில் வீடு, மாஹிமில் ஒரு பார்சி சேட்டின் கராஜில் வேலை. நான் மெட்ரிக் பாஸ், இங்கிலீஷ் படிப்பேன் என்பதற்காகவே எடுத்தார். காரோடு வரும் புத்தகத்தில் வயரிங் படத்தைப் பார்த்து, எந்த வயர் எங்கே போகிறது என்று மிஸ்திரிக்குப் படித்துச் சொல்ல வேண்டும். வயரைத் தொடுவது மிஸ்திரி மட்டும்தான். அது கராஜின் சட்டம்.

அந்தப் படத்தில் நிறமே கிடையாது. வெள்ளைக் காகிதம், கறுப்புக் கோடு, கோட்டின் மேல் ஓர் எழுத்து. R சிவப்பு, G பச்சை. B கறுப்புக்குப் போய்விட்டதால் நீலத்துக்கு U, பிரவுனுக்கு N. RW என்று இருந்தால் சிவப்பு வயரில் வெள்ளை இழை. ஒரே வாரத்தில் மனப்பாடம். காகிதத்தில் நான் ராஜா!

வயரில்தான் வம்பு. என் கண்ணுக்குச் சிவப்பும் பிரவுனும் கறுப்பும் ஒரே இருட்டு. ரயில்வே மெடிக்கலில் கலர் டெஸ்டில் தோற்று வந்தவன். அப்பா இல்லாத வீடு... அம்மாவிடம் "வேகன்ஸி இல்லையாம்" என்று பொய் சொல்லியிருந்தேன். சேட்டுக்குத் தெரிந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நடுக்கம்.

கண்டுபிடித்தவர் காதர் பாய். கராஜின் எலெக்ட்ரிக் மிஸ்திரி, திருநெல்வேலிக்காரர், தாராவியில் குடியிருந்தார். ஒருநாள் சிவப்பு வயரை எடுக்கச் சொன்னார், நான் கறுப்பை நீட்டினேன். வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி வேய்... நீரு எழுத்தப் படியும், கலர நான் பாத்துக்கிடுதேன்."

அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எனக்கு நிறம் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆளாக வேலை பார்த்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு டாக்டரின் கார். சைடு லைட்டில் இரண்டு வயர் மட்டும் பாக்கி: கரண்ட் வரும் சிவப்பு லைட்டுக்கு, கறுப்பு காரின் தகட்டுக்கு. ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது.

"தொழுதுட்டு வாரேன். அந்த ரெண்டையும் தொட்டுறாதேயும், கேட்டீரா?"

முக்கால் மணி ஆகியிருக்கும், டாக்டர் வந்து கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். உள்ளேயிருந்து சேட், "ஹோ கயா க்யா?" என்றார், முடிந்ததா என்று. பாய் வரட்டும் என்று சொல்லியிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. இருபத்தோரு வயதுத் திமிர்... ரெண்டு வயர் என்னால் முடியாதா என்று. இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் வெளுத்தாற்போல் இருந்ததுதான் சிவப்பு என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லி லைட்டில் மாட்டினேன். மற்றதைக் காரின் தகட்டில் முடுக்கினேன்.

"ஹோ கயா, சேட். காதர் பாய் முடிச்சுட்டுத்தான் போனார்."

பாய் உள்ளே நுழையவும் சேட் ஸ்விட்சைப் போடவும் சரியாக இருந்தது. குபுகுபுவென்று புகை. இரண்டையும் மாற்றி மாட்டியிருக்கிறேன். பாய் ஓடிவந்து பாட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தார். அதற்குள் உள்ளே மொத்தமும் கருகிவிட்டது. அவர் உள்ளங்கையும்தான்.

"யே தூனே கியா?" என்று சேட் அவரைப் பார்த்துக் கத்தினார், இது நீ செய்ததா என்று.

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஹாங் சேட். கல்தி ஹோ கயா." ஆமாம், தப்பாகிவிட்டது என்றார்.

அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கேட்டருகே ஓடிப்போய், "நான்தான் மாட்டினேன்னு சொல்லிருக்கலாமே பாய்!" என்றேன். சொல்ல வேண்டியவன் நான், அவரிடம் கேட்கிறேன்... வெட்கங்கெட்டவன்.

"எனக்குக் கண்ணு இருக்கு வேய், எந்தக் கராஜுலயும் எடுப்பான். உமக்கு? போயிச் சாப்பிடும்."

மூன்று நாள் கழித்துத்தான் தாராவிக்குத் தேடிப்போனேன். கல்யாண் பக்கம் குடிபோய்விட்டதாகச் சொன்னார்கள். கல்யாணுக்கு நான் போகவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் அதே கராஜில் இருந்தேன். புதிதாக யார் வந்தாலும் சேட் சொல்வார்: "காதர் ஜைசா மத் கர்னா." காதர் மாதிரிச் செய்துவிடாதே. நான் பக்கத்திலேயே நிற்பேன். சேட் காலமான பிறகு ஒருமுறை அதே வார்த்தையை நானே ஒருவனிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது இதை அடித்துக்கொண்டே பேத்தி சிரிக்கிறாள். "இதுக்கா தாத்தா இத்தனை பயந்தேள்? எங்க ஆஃபீஸ்லயே ரெண்டு பேருக்குக் கலர் தெரியாது. ஸ்க்ரீன்ல செட்டிங் மாத்திப்பா, அவ்ளோதான்." நல்ல காலம், இருக்கட்டும். அன்றைக்கு இப்படி லேசாக இருந்திருந்தால் நிஜத்தைச் சொல்லியிருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

கல்யாண் பக்கம் காதர் பாயின் பேரனோ பேத்தியோ யாராவது இருந்தால்... தமிழ் படிக்க வராவிட்டால் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் தாத்தா அந்த வயரைத் தொடவே இல்லை. தொட்டவன் நான்.